வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பார்வைக்கு வைட்டமின் ஏ அவசியம் என்று எழுதுகிறோம். அதை ரத்தத்தில் சுமந்து செல்லும் ‘ரெட்டினால் பிணைப்புப் புரதம்’ பற்றி யாரும் பேசுவதில்லை. ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்; கொழுப்பில் கரையும், தண்ணீரோடு ஒட்டாது. அதற்காகவே கல்லீரல் 183 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை உருவாக்குகிறது. பீப்பாய் போன்ற வடிவம். உள்ளே ஒரே ஒரு ரெட்டினால் மூலக்கூறுக்குத்தான் இடம். தனியே விட்டால் சிறுநீரகம் வடிகட்டிவிடும் அளவுக்குச் சிறியது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தைத் துணைக்குப் பிடித்துக்கொண்டுதான் ரத்தத்தில் தங்குகிறது. எத்தனை நேர்த்தி!

புரதச்சத்து குறைந்த குழந்தைக்குக் கல்லீரலில் வைட்டமின் இருந்தும், வெளியே எடுத்துவர இந்த வண்டி போதாமல் போகலாம். தொற்றின்போதும் இதன் அளவு இறங்கும். என் மகளுக்குக் காய்ச்சல் அடித்த வாரத்தில் எடுத்த பரிசோதனையில் ரெட்டினால் குறைவு என்று வந்தது. பயந்துபோனோம். குணமானபின் மறுபடி பார்த்தால் சரியாக இருந்தது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் சேர்த்துப் பார்க்காமல் பற்றாக்குறை என்று முடிவு கட்டக் கூடாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை அவசியம் விளக்கமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி