பாஷோவின் தொழில் என்ன?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பாஷோ கட்டுரை அவரைக் குளக்கரைத் துறவியாகவே காட்டி முடிக்கிறது. அவர் செய்த தொழிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜப்பானியக் கவிஞர் பாஷோ (1644–1694) தொடர்கவிதை அரங்குகளை நடத்திய ஆசான். நாலைந்து பேர் உட்கார்ந்து, 5-7-5 அசைப் பாட்டையும் 7-7 அசைப் பாட்டையும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். அவர் அதிகம் நடத்தியது 36 பாட்டுத் தொடர். அதன் முதல் பாட்டு ‘ஹொக்கு’. 1890களில் கவிஞர் மஸாஒகா ஷிகி அதைத் தனிக் கவிதையாகப் பிரித்து, ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்தினார்.

எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பிறர் பாட்டுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கும் வேலையும் பாஷோவுக்கு இருந்தது. 1680இல் நகரின் ஓரத்திலிருந்த ஃபுகாகவா குடிசைக்குப் போனபோது அதை விட்டார். பிறகு சீடர்கள் கொண்டுவந்த அரிசிதான் சோறு.

கட்டுரையில் மேற்கோள் காட்டிய மொகாமி ஆற்றுப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘ஐந்தாம் மாத மழையைத் திரட்டிக்கொண்டு விரைகிறது மொகாமி ஆறு.’ இது அதன் இரண்டாம் வடிவம். 1689இல் ஓஇஷிதா என்ற ஊரில், ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டு அரங்கில், ‘விரைகிறது’ என்ற இடத்தில் அவர் முதலில் சொன்னது ‘குளிர்கிறது’. விருந்தாளி முதல் பாட்டில் அந்த வீட்டையும் பருவத்தையும் வாழ்த்த வேண்டும். கோடையில் அதைவிடப் பொருத்தமான வாழ்த்து எது? பிறகு படகேறி அந்த வெள்ளத்தில் போனவர், பயண நூலில் ‘ஸுஸுஷி’யை (குளிர்கிறது) ‘ஹயஷி’ (விரைகிறது) ஆக்கினார். இரண்டும் மூன்று அசை என்பதால் வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் இச்சியெய் சொன்ன மறுபாட்டு: ‘கரையில் மின்மினிகளைக் கட்டி வைத்திருக்கும் படகு முளைகள்.’ என் குடிலில் ஒதுங்கிய ஒளி நீங்கள் என்ற உபசாரம் அதில் இருக்கிறது. மூன்றாவதாக, பாஷோவோடு பயணம் வந்த சீடர் ஸோரா ஆற்றை விட்டு விலகி, நிலவொளிக்குக் காத்திருக்கும் முலாம்பழத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். போயே ஆக வேண்டும். ஒரு பாட்டு தனக்கு முந்தியதோடு மட்டும் ஒட்டலாம். அதற்கும் முந்தியதற்குத் திரும்பினால் தொடர் செக்குமாடாகச் சுற்றும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். வசந்தமும் இலையுதிர்காலமும் வந்தால் மூன்று பாட்டாவது நீடிக்க வேண்டும். கோடையும் குளிரும் ஒன்றிரண்டோடு போய்விடலாம். 36 பாட்டில் 17, 35ஆம் இடங்கள் மலருக்கு.

ஹொக்குவில் தனக்கு இணையான சீடர்கள் பலர் உண்டு, தொடர்கவிதைதான் தன் எலும்பின் மஜ்ஜை என்று பாஷோ சொன்னதாகச் சீடர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்று: ஹொக்குவின் 5-7-5 சேர்ந்து வரும் 17 அசை என்பது எழுத்துக் கணக்கல்ல. நம் மாத்திரைக்குத்தான் அது நெருக்கம், நெடிலுக்கு இரண்டு. ஆனால் நமக்கு அரை மாத்திரையான ‘ன்’ அங்கே முழுசாக ஒன்று. ‘நிப்பொன்’ (ஜப்பான்) என்றால் நி-ப்-பொ-ன், நான்கு.

ஓஇஷிதாத் தொடரின் 36 பாட்டுகளையும், ஒவ்வொன்றும் யாருடையது என்ற குறிப்போடு தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்