ட்ரெவி நீரூற்றுக்கு 2 யூரோ: கோபப்பட என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோமில் ட்ரெவி நீரூற்றைக் கிட்டே போய்ப் பார்க்க 2 யூரோ டிக்கெட் வைத்தாலும் வைத்தார்கள், 'தண்ணீரைப் பார்க்கக்கூடக் காசா' என்று ஆளாளுக்குப் பொங்குகிறார்கள். அங்கே போய் இடிபட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நியாயமான காசுதான்.

முதலில், நீரூற்றைப் பார்க்கக் கட்டணமே கிடையாது. சதுக்கத்தில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம். படியிறங்கித் தொட்டியின் விளிம்பு வரை போவதற்குத்தான், அதுவும் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும், 2026 பிப்ரவரியிலிருந்து டிக்கெட். ரோம்வாசிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இலவசம். அப்புறம், தண்ணீருக்குக் காசு என்று அந்த ஊரைச் சொல்வதே அநியாயம். நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான இரும்புத் தெருக்குழாய்களில் குடிநீர் இரவும் பகலும் சும்மா கொட்டிக்கொண்டிருக்கிறது, பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் போனது டிக்கெட்டெல்லாம் வருவதற்கு முன்பு. குறுகலான சந்துகளில் நடந்து ஒரு முனையில் திரும்பினால் 26 மீட்டர் உயரம், 49 மீட்டர் அகலத்துக்கு முழுக் கட்டடமாக எதிரே நிற்கிறது, ஒரு பெரிய மாளிகையின் சுவரையே நீரூற்றாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் சதுக்கமோ அதற்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குச் சின்னது. பிரச்சினையே அங்கேதான். எட்டிப் பார்த்தால் செல்போனைத் தூக்கிய கைகள்தான் தெரிகின்றன. யாராவது விளிம்பில் உட்கார்ந்தால் போலீஸ்காரர் விசில் ஊதுவார், உட்கார்ந்தவர் எழுந்த இடத்தில் அடுத்தவர் உட்காருவார், மறுபடி விசில். தண்ணீர்ச் சத்தத்தைவிட விசில் சத்தம்தான் அதிகம் கேட்டேன்.

இத்தனைக்கும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய வேலைப்பாடு அது. நடுவில் நிற்கும் கடல் தெய்வத்தின் தேரை இரண்டு குதிரைகள் இழுக்கின்றன, ஒன்று திமிறுகிறது, இன்னொன்று சாதுவாகப் போகிறது; கடலுக்கு இருக்கும் இரண்டு குணமும் அதில் வந்துவிடுகிறது. வலப்பக்க ஓரத்தில் பெரிய கல் ஜாடி ஒன்று இருக்கிறது. அங்கே கடை வைத்திருந்த முடிதிருத்துபவர் ஒருவர் வேலையைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாராம், அவர் கண்ணில் படாமல் மறைக்கவே நீரூற்றை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அதை வைத்தார் என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை. 1732-ல் வேலையைத் தொடங்கிய அந்தக் கலைஞர் நிக்கோலா சால்வி 1751-லேயே இறந்துவிட்டார், முடிந்ததைப் பார்க்கவில்லை. வேறு ஆட்கள் 1762-ல் முடித்தார்கள். தண்ணீரோ அதைவிடப் பழைய கதை: கி.மு. 19-ல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாய், பெரும்பாலும் பூமிக்கடியில் ஓடியதால்தான் இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது.

'எல்லாரும் தொட்டியில் காசு போடுகிறார்களே, அது போதாதா?' என்றும் கேட்கிறார்கள். வலது கையால் இடது தோளுக்கு மேலே வீசுகிற அந்த நாணயங்கள் வருடத்துக்குப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டும், ஆனால் அது கரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு வழியாக ஏழைகளுக்குப் போகிறது. அதில் கைவைத்துப் பராமரிப்புச் செய்யச் சொல்கிறீர்களா? 2015-ல் முடிந்த சீரமைப்புக்கு ஃபெண்டி என்ற பேஷன் நிறுவனம் 20 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நிறுவனம் வந்து கொடுக்கட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

2024 டிசம்பரில் சுத்தம் செய்து திறந்தபோதே ஒரு நேரத்தில் 400 பேர்தான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போய்வந்த என் தங்கை மகள் அனுப்பிய படத்தில் திமிறும் குதிரையின் முகம் முழுசாகத் தெரிந்தது, நான் எடுத்த ஒரு படத்திலும் அது இல்லை. டிக்கெட்டும் கூட்டத்தை அப்படிக் குறைத்தால் சந்தோஷம்தான். இன்று 2, நாளைக்கு 5, அப்புறம் 10 என்று ஏற்றிக்கொண்டே போனால் அப்போது நானும் சேர்ந்து கத்துவேன்.

சரி, அந்த 2 யூரோவும் கொடுக்க மனசில்லாதவர்கள் இரவு 10 மணிக்குமேல் போகலாம், டிக்கெட் நேரம் அதோடு முடிகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அதுதான் நல்ல நேரமும்கூட.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்