நடுவில் விடுபட்ட கிங் காங்

வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் படம் போடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு,

சந்தியில் நீங்கள் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தேன். ராட்சதக் குரங்கின் கதையான கிங் காங், 1933இல் வந்தது ஒரு கிழமை, 2005இல் பீற்றர் ஜாக்சன் எடுத்தது அடுத்த கிழமை. நடுவில் 1976இல் ஜோன் கில்லர்மின் எடுத்ததைக் காணவில்லையே என்று உங்களில் ஒருவரிடம் கேட்டேன். "அது குரங்கு உடுப்புப் போட்ட ஆள் அக்கா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நெஞ்சிலிருந்து இறக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

உடுப்புப் போட்ட ஆள்தான். பெயர் ரிக் பேக்கர். 40 அடி உயரத்தில் இயந்திரக் குரங்கு ஒன்றைச் செய்து ஊரெல்லாம் விளம்பரப்படுத்தினார்கள். படத்தில் அது வந்து போவது சில கணங்கள்தான். மற்றதெல்லாம் பேக்கரின் உடம்பும், கார்லோ ரம்பால்டியும் அவரும் சேர்ந்து உருவாக்கிய முகமூடிகளும், கதாநாயகி ஜெசிக்கா லாங்கைத் தூக்கி வைத்திருக்கிற பெரிய இயந்திரக் கைகளும்தான். கம்பியை இழுத்தால் முகமூடியின் உதடும் புருவமும் அசையும். ஆனால் கண்கள் மனிதக் கண்கள். அருவியில் நனைந்த பெண்ணை அது வாயால் ஊதிக் காயவைக்கிற இடத்தில் அந்தக் கண்களைப் பாருங்கள். 1933 படத்தின் சின்னப் பொம்மையை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி உயிர் கொடுத்த வில்லிஸ் ஓ'பிரையன் மேதை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் அந்தக் காங்கைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன், இந்தக் காங்குக்காக அழுதிருக்கிறேன்.

குறை இல்லாத படம் இல்லை. பாம்புச் சண்டை மோசம். பழைய படத்தில் டைனோசர்கள் இருந்த தீவில் இங்கே ஒரே ஒரு ரப்பர் பாம்பு. சரி, அது போகட்டும்.

கதையை எவ்வளவு துணிவாக மாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பழைய படத்தில் தீவுக்குப் போவது சினிமாக்காரர். இதில் போவது எண்ணெய்க் கம்பனி. 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்து மூன்றே வருடத்தில் எடுத்த படம். தீவில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் அது இன்னும் எடுக்கிற பக்குவத்துக்கு வரவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், எண்ணெய் நிரப்ப வந்த கப்பலின் தொட்டிக்குள் காங்கைப் போட்டுக்கொண்டு போகிறார்கள், கம்பனிக்கு விளம்பரம் செய்ய. கப்பலில் கதாநாயகன் ஜெஃப் பிரிட்ஜஸ் ஒரு விஷயம் சொல்வார்: தீவு மக்களுக்கு அது பயமும்தான், மாயமும்தான், அதைக் கொண்டுபோய்விட்டால் அவர்கள் வெறுமையாகிப் போவார்கள் என்று. காட்டை அண்டி வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது தொண்ணூறுகளில், ஒட்டுசுட்டான் பக்கம், ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில். அப்போது வன்னியில் கரண்ட் இல்லை. ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, ரிவியையும் டெக்கையும் மேசையில் வைத்துப் போட்டார்கள். அங்கே இருந்தவர்களில் அநேகருக்கு ஆங்கிலம் விளங்காது. கதை எல்லோருக்கும் விளங்கியது. கடைசியில் நியூயோர்க்கில் காங் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரத்தைத் தேடிப் போகும். ஏன் தெரியுமா? அதன் தீவில் அதே மாதிரி இரண்டு பாறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதற்கு அது வீடு மாதிரித் தெரிகிறது. இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டிருந்தவர்கள் நிறையப் பேர் அந்த முற்றத்தில் இருந்தார்கள்.

அப்புறம் ஹெலிகொப்ரர்கள் வரும். 1933இல் விமானங்கள், இதில் ஹெலி. ரிவிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி எழும்பி வானத்தைப் பார்த்தா. பிறகு பேசாமல் இருந்தா. தன்னைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டால் சுடமாட்டார்கள் என்று அந்தப் பெண் காங்கிடம் கெஞ்சுவாள். அது அவளைக் கீழே இறக்கிவிட்டுத் தான் மட்டும் சூடு வாங்கும். "அதுக்குத் தெரியுது" என்று ஆச்சி சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

விழுந்த பிறகும் கமெரா அதை விட்டு உடனே போகாது. காங்கின் இதயத்துடிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும், மெதுவாகி மெதுவாகி நிற்கும். சில வருடங்களுக்கு முன் எங்கள் வயலுக்குப் பக்கத்தில் சூடுபட்ட யானை ஒன்று விழுந்து இரண்டு நாள் கிடந்தது. அது இரவிரவாக நெல்லைத் தின்றதற்குத் திட்டித் தீர்த்தவர்களே வாளியில் தண்ணீர் கொண்டு வந்து அதன் மேல் ஊற்றினார்கள். அதன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது.

2026 டிசம்பர் 17ஆம் திகதி இந்தப் படத்துக்கு 50 வயது. அந்தக் கிழமையில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். நல்ல ஸ்பீக்கர் ஒன்றை எங்கேயாவது இரவல் வாங்குங்கள், ஜோன் பரியின் இசைக்கும் அந்த இதயத்துடிப்புக்கும் அது வேண்டும். அது நிற்கிறபோது யாரும் எழும்பி லைற்றைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முன்வரிசையில் இடம் கேட்கிற ஓர் அக்கா