மூன்று கோட்ஸ், முப்பது கதிரை

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் பிந்தியதற்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை வாசிக்கும் எங்களுடைய கிளப்தான் காரணம். சிரிக்காதே. ரொறன்ரோவுக்குப் போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன கசெட் பெட்டியில் ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் இருந்தாரே, அவர் செய்த வேலை இது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, உவர்மலையில் ஒரு ரியூசன் கொட்டிலில் கூடுகிறோம். வாடகை இல்லை, கரண்ட் பில்லை மட்டும் பங்கு போடுகிறோம். தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. முதல் கூட்டத்தில் பதவி கேட்ட இரண்டு பேர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று. முப்பது கதிரையைத் தூக்கிப் போட்டு, முடிந்ததும் திரும்ப அடுக்க ஆறு பேர் நிற்கிறார்கள். கிளப் என்றால் அந்த ஆறு பேர்தான். கடைச் சுவரில் அறிவித்தல் ஒட்டினோம். ஊருக்குள் திரியும் நம்மூர் மான்கள் பசையோடு சேர்த்துத் தின்றுவிட்டன.

போன மாதம் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அம்ப் எரிந்துபோனது. எல்லோரும் முகம் தொங்கி இருக்க, ஒரு பெடியன் சொன்னான்: "அந்தக் காலத்து ப்ளூஸ்காரர் ரொபர்ட் ஜோன்சன் 1936, 37இல் 29 பாட்டுப் பதிந்தாரே, அம்ப் வைத்தா?" சரி என்று வெறும் கிட்டாரோடு தொடங்கினோம். ஈ, ஏ, பி என்று மூன்றே கோட்ஸ், அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்; பன்னிரண்டு பார் கொண்ட ஒரு தாளச் சுற்று. புதிதாக வருகிறவனும் அரை மணி நேரத்தில் சேர்ந்துகொள்வான். ஆனால் பாடுகிறவர் வரியை விட்டதும் வாத்தியம் பதில் சொல்ல வேண்டும், அதுவரை பொறுக்க வேண்டும். திருவிழாக்களில் கீபோர்ட் வாசிக்கும் தம்பிக்கு அந்தப் பொறுமை வர மூன்று மாதம் பிடித்தது.

அன்றைக்கு வாசலில் ஒரு கரைவலைக்கார ஐயா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இது வலை இழுக்கேக்க பாடுற எங்கட அம்பா மாதிரியெல்லோ கிடக்கு, ஒருத்தர் எடுத்துக் குடுக்க மற்றவை வாங்கிறது" என்றார். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்தில் கறுப்பின மக்கள் பாடியதும் அப்படித்தான் என்றேன். அவர் அதற்குள் பாடத் தொடங்கிவிட்டார். கிட்டாரோடு அவர் பாட்டின் பின்னால் போனோம், ஆனால் அவருடைய ஒரு சுரம் அதில் அகப்படவில்லை. கிட்டார்க் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் எங்கோ நின்றது. கம்பியை விரலால் மேலே தள்ளி வளைத்த பிறகுதான் பிடிபட்டது. வழக்கமான சுரத்திலிருந்து சற்று விலகி நிற்கும் ப்ளூ நோட் என்று நான் போர்டில் கீறிக் கீறி விளங்கப்படுத்தியது அதுதான், மச்சான்! பெடியள் என்னை விட்டுவிட்டு அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்சம் பொறாமைதான்.

ஆடி அமாவாசைக்கு வருகிறாய்தானே? கிட்டார்க் கம்பி நாலைந்து செட் கொண்டு வா, இங்கத்தைய உப்புக் காற்றுக்கு ஒரு மாதத்திலேயே துருப்பிடிக்கிறது. அப்புறம் உன் ஹார்மோனிகா. நாங்கள் ஈ சுருதியில்தான் வாசிக்கிறோம், ப்ளூஸில் அதற்குப் பொருந்துவது ஏ ஹார்மோனிகா. போன தடவை போல மாற்றிக் கொண்டுவந்து நிற்காதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்