செங்கல் சூளையில் இருப்பவர்களுக்கும் தபால் வாக்கு வேண்டும்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தேர்தல் ஆணையர்களுக்கு,

வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பார்த்தது 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தலுக்கு.

வாக்குச்சாவடியில் எங்கள் கையில் இருக்கும் பட்டியலை மார்க்டு காப்பி என்போம். ஒருவர் வாக்களிக்க வந்தால் அவருடைய கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு சாய்கோடு போட வேண்டும். அன்று மாலை ஆறு மணிக்குப் பட்டியலைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் கோடுகள். இருளர் தெருவுக்கு வந்ததும் வெறும் வெள்ளை. கணவன், மனைவி, பதினெட்டு முடிந்து புதிதாகப் பெயர் சேர்ந்த பையன் என்று வீடு வீடாக வெள்ளை. நடுநடுவே ஒரு பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மட்டும் கோடு. சாவடியில் இருந்த கட்சி ஏஜென்ட்டுகளைக் கேட்டேன். "அவங்கல்லாம் சூளைக்குப் போயிட்டாங்க சார்" என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்களிடம் கட்சி வித்தியாசமே இல்லை.

அந்தச் சாவடியில் எனக்கும் ஓட்டு கிடையாது. என் ஓட்டு வேறு ஊரில். ஆனால் சில நாள் முன்பே பயிற்சி வகுப்பு நடந்த இடத்தில் தபால் வாக்குச்சீட்டு கொடுத்து, மறைப்புக்குள் குறியிட வைத்து, பெட்டியில் போட வைத்தீர்கள். வேலைக்காக ஊரைவிட்டுப் போனவன் நான், அவர்களும் அப்படித்தான். எனக்கு வழி செய்தீர்கள், அவர்களுக்குச் செய்யவில்லை.

செங்கல் சூளை வேலை தை முதல் ஆனி வரை, மழை வரும்வரை. நம் தேர்தல் தேதிகளைப் பாருங்கள்: 2011 ஏப்ரல் 13, 2014 ஏப்ரல் 24, 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. ஒன்றுகூட அந்த மாதங்களுக்கு வெளியே விழவில்லை. பட்டியலில் பெயர் இருந்தும், அட்டை இருந்தும், வருடா வருடம் சூளைக்குப் போகும் ஒருவர் தன் வாழ்நாளில் பெரிய தேர்தல் எதிலும் வாக்களிக்காமலே போக முடியும்.

வந்து போட்டுவிட்டுப் போகட்டுமே என்பார்கள். எப்படி வருவது? புறப்படும்போதே, ஆள் சேர்க்கும் மேஸ்திரி கையில் முன்பணம் வாங்கியாகிவிட்டது. அது கழியும்வரை சூளையைவிட்டு நகர முடியாது. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று, புருஷன் பெண்சாதி இருவருக்கும் சேர்த்து. நடு இரவில் எழுந்து கல் அறுக்கத் தொடங்குகிறார்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது, சரி. கல் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு எந்தச் சம்பளத்தோடு விடுமுறை? மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். சென்னையை ஒட்டிய செங்குன்றம் பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர் மாவட்டத்திலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. 2024இல் அங்கே வாக்குப்பதிவு மே 20. அன்று தமிழ்நாட்டில் அது ஒரு சாதாரண திங்கட்கிழமை.

உள்ளாட்சித் தேர்தல் என்றால் வேட்பாளரே வேன் வைத்து அழைத்து வந்துவிடுவார். அங்கே பத்து ஓட்டில் முடிவு மாறும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு யாரும் வேன் அனுப்புவதில்லை.

அந்த ஜூனில் பள்ளி திறந்தபோது ஒரு அம்மா பெண்ணைத் திரும்பச் சேர்க்க வந்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். "ஓட்டெல்லாம் முடிஞ்சிடுச்சாமே சார். எங்க ஓட்ட வேற யாராச்சும் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லம்மா, உங்க கட்டம் அப்படியே இருக்கு என்றேன். அதற்கு அவர் நிம்மதியாகத் தலையாட்டியது இன்னும் என் மனசை அறுக்கிறது.

வேலை செய்யும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தீர்கள். கட்சிகள் சந்தேகம் கிளப்பின, விஷயம் அங்கேயே நிற்கிறது. அந்தச் சந்தேகங்களை நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60(சி) பிரிவு, அரசோடு கலந்து, எந்தப் பிரிவினருக்கும் தபால் வாக்கு அறிவிக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. 85 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே போகிறீர்கள். காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு ஜம்முவிலும் டெல்லியிலும் சாவடி வைக்கிறீர்கள். அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே ஒரு வாக்காளருக்காக அலுவலர்கள் மலையேறுகிறார்கள். அதையெல்லாம் பெருமையோடுதான் நினைக்கிறேன். செங்குன்றத்துக்கு மலையேற வேண்டியதில்லை, பேருந்திலேயே போகலாம்.

பருவத் தொழிலாளர்களைத் தபால் வாக்குக்குரிய பிரிவாக அறிவியுங்கள். சூளைகள் அடர்ந்த பகுதிகளில், முதலாளியின் இடத்துக்கு வெளியே, எனக்கு வைத்தது போன்ற ஒரு மையம் வையுங்கள். முன்பணம் கொடுத்தவரின் கண் படும் இடத்தில் வைத்தால் அது ரகசிய வாக்கு ஆகாது.

விண்ணப்பத்தை மட்டும் வேட்புமனு நேரத்தில் கொண்டுவராதீர்கள். அப்போது ஊரில் பாட்டிகள்தான் இருப்பார்கள். பொங்கல் முடிந்ததும் லாரி வந்துவிடும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் மார்கழியிலேயே அந்தத் தெருவுக்குப் படிவத்தோடு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்