கசிவின் வாயில் களிமண்ணை அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாசனத்துக்காகத் தனியார் கட்டிய சிறிய மண் அணை உடைந்தால் பழி மழைமேல் விழுகிறது. கரைமேல் வெள்ளம் ஏறி உடைவதும் உண்டுதான். ஆனால் வெயில் காயும் நாளிலும் அணை உடையும். கரைக்குள்ளே தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போவதால் வரும் கேடு அது. பலமுறை மதகுக் குழாயை ஒட்டித்தான் தொடங்குகிறது.

வட்டக் குழாயின் அடிவயிற்றுக்கு ரோலரும் போகாது, மண்ணைக் கையால் இடிக்கும் திமிசுக்கட்டையும் எட்டாது. அங்கே மண் தளர்ந்து நின்றால் தண்ணீர் குழாயைத் தழுவியபடியே வழி பிடித்துக்கொள்ளும். குழாயின் கீழ்ப்பாதியைக் கான்கிரீட்டில் பதித்து, அதன் பக்கங்களைச் சாய்வாக விட்டால் மண்ணை அதன்மேல் இறுக்கி இடிக்கலாம். பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம் வேண்டும். ஓர் அடுக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

வெளிச்சரிவின் அடியில் கசிவைக் கண்டதும் களிமண் கொட்டி அதன் வாயை அடைப்பவர்கள் பலர். தவறு. வெளியேற வழியற்ற தண்ணீர் உள்ளே அழுத்தம் ஏறி, சற்றுத் தள்ளி வேறிடத்தில் பீறிடும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. கசிவின்மேல் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, பாரத்துக்குக் கல் என்று போட வேண்டும்.

கசிவு நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். தெளிந்தே இருந்தால், ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று வாரந்தோறும் குறித்து வரலாம். அடியில் மண் படிந்தால் கரை உள்ளே கரைகிறது. கீழே குடியிருப்போரை அப்போதே மேட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 90 மீட்டருக்கும் மேல் உயரமான டீட்டன் மண் அணையே, 1976 ஜூன் 5 காலையில் சரிவில் கலங்கல் நீர் தென்பட்டு நண்பகலுக்குள் உடைந்தது.

அவசரமில்லாத நாளில் நீரை மெல்லத்தான் இறக்க வேண்டும், நாளுக்கு ஒரு அடிக்குள். சட்டென்று வடித்தால் நனைந்த உட்சரிவு தாங்கலின்றிச் சரியும். கூடுதல் நீர் தேக்க ஆசைப்பட்டு, மிகைநீர் வழிந்தோடும் கலிங்கில் மணல்மூட்டை அடுக்குவது, வெள்ளத்தைக் கரைமேல் ஏற்றிவிடும் வேலை. கரையில் பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டுவைப்பதும் ஆபத்து. அது மக்கியதும் தண்ணீருக்குக் குழாய் தயார். வேரைத் தோண்டி எடுத்த குழியையும் அதே 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக இடித்தே நிரப்ப வேண்டும்.