பைத்தானும் சி மொழியின் கோப்புச் செயற்கூறுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன், படிக்கும் எஃப்ரீட் போன்ற சி மொழியின் செயற்கூறுகளைப் பைத்தான் நிரல்மொழியிலிருந்து அழைப்பது மிக எளிது என்று தங்கள் கணினி இணைப்பில் வெளியான கட்டுரை கூறியிருந்தது. அழைப்பது எளிதுதான், ஆனால் அக்கட்டுரை சொல்லாமல் விட்ட இரண்டு செய்திகள் மாணவர்களைத் திண்டாட வைக்கும்.

சி செயற்கூறுகளை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் நூலகம், நாம் வேறாகக் குறிப்பிடாதவரை, எந்தச் சி செயற்கூறும் இன்ட் எனப்படும் முழு எண்ணையே திருப்பித் தரும் என்று கொள்கிறது. எஃப்ஓப்பன் தருவதோ ஒரு சுட்டி, அதாவது நினைவக முகவரி. 64 பிட் கணினியில் அந்த முகவரி 32 பிட்டாக வெட்டப்பட்டுவிடுவதால், கோப்பு ஒழுங்காகத் திறந்த பின்னும் அடுத்த அழைப்பிலேயே நிரல் பெரும்பாலும் நிலைகுலைந்து நின்றுவிடும். திருப்பித் தரும் மதிப்பின் வகையைச் சொல்லும் ரெஸ்டைப் பண்பில் சுட்டி வகையை அறிவித்தால் மட்டும் போதாது. அதே சுட்டியைப் பெறும் எஃப்ரீட், கோப்பை மூடும் எஃப்குளோஸ் ஆகியவற்றுக்கும், உள்ளீடுகளின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸ் பண்பை அறிவிக்க வேண்டும், இல்லையெனில் திரும்ப அனுப்பும்போது அது மீண்டும் வெட்டுப்படலாம்.

மற்றொன்று இடையகம், அதாவது எழுதுவதைக் கோப்பில் சேர்க்கும் முன் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் நினைவகப் பகுதி. பைத்தான் 2, சி மொழியின் கோப்புச் செயற்கூறுகளையே பயன்படுத்தியது. 2008இல் வந்த பைத்தான் 3 கோப்புகளைக் கையாளத் தனக்கென இடையகம் கொண்ட தனி அடுக்கை அமைத்துக்கொண்டதால், ஒரே கோப்பில் இரு மொழிகளும் மாறி மாறி எழுதும்போது, இடையிடையே இடையகத்தைக் காலிசெய்யாவிட்டால், வரிகள் முன்பின்னாக விழுகின்றன. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.